அண்டர்-13 ரக்பி ட்ரையல்ஸ்: டிசம்பர் பையன்கள் எங்கே?

கேள்வி, மார்ச் 1

என் பையன் டிசம்பர் 19-ல் பிறந்தவன். போன வருடமும் பெயர் வரவில்லை, இந்த வருடமும் வரவில்லை. கேட்டால் "உடம்பு இன்னும் தேறணும்" என்கிறார்கள். தேர்வானவர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். இது தற்செயலா, இல்லை பெற்ற பாசத்தில் சாக்குத் தேடுகிறேனா?

மார்ச் 1, இரவு

சாக்குத்தான். பதினோரு வருடமாகச் சிறுவர் ரக்பி அணிகளோடு மைதானத்தில் நிற்கிறேன், அதில் ஏழு வருடம் தேர்வுக் குழுவில். ஒவ்வொரு ட்ரையல்ஸ் முடிந்ததும் ஒரு அப்பாவாவது இப்படி ஏதாவது காரணத்தோடு வந்து நிற்பார். ஆடத் தெரிந்தவன் எந்த மாதத்தில் பிறந்தாலும் ஆடுவான். விளையும் பயிர் முளையிலே தெரியும்.

மார்ச் 2

மேலே எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

தூக்கம் வராமல் பழைய தேர்வு நோட்டுகளை எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த தேதி எழுதுவது வழக்கம், வயதைச் சரிபார்க்க. ஏழு வருடமாக எழுதுகிறேன். அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழாக ஒருமுறைகூட வாசித்ததில்லை. நேற்று வாசித்தேன். ஜனவரி, மார்ச், ஜனவரி, பிப்ரவரி, மே, ஜனவரி... ஒரு வருடத்துப் பட்டியலில் செப்டம்பரைத் தாண்டி ஒருவன்கூட இல்லை. எங்களுக்கு வயது வெட்டு, அதாவது ஒரு வயதுப் பிரிவு தொடங்கும் தேதி, ஜனவரி 1.

அந்தப் பட்டியலில் என் கையெழுத்து இருக்கிறது.

மார்ச் 2, மதியம்

இதற்குப் பெயரே இருக்கிறது: ஒப்பீட்டு வயது விளைவு. 1980-களில் கனடாவின் லெத்பிரிட்ஜில் ஒரு ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். பார்க்க வந்திருந்த பவுலா பார்ன்ஸ்லி, கையிலிருந்த ஆட்ட மலரைப் புரட்டியபோது வீரர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே பிறந்திருப்பதைக் கவனித்தார். கணவர் ரோஜர் பார்ன்ஸ்லி உளவியலாளர். வீட்டுக்குப் போய் எண்ணத் தொடங்கினார், 1985-ல் கட்டுரையாக வந்தது. அங்கேயும் வயது வெட்டு ஜனவரி 1.

கேள்வி கேட்டவர் செய்ததும் அதுதான், பட்டியலை எடுத்து மாதங்களைப் பார்த்தார். நான் சாக்கு என்றேன்.

மார்ச் 4

ஏன் நடக்கிறது என்பது எளிய கணக்கு. ஜனவரி 2-ல் பிறந்தவனும் அதே வருடம் டிசம்பர் 19-ல் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவு. இடையில் 351 நாள். முப்பது வயதில் அது ஒன்றுமில்லை. அண்டர்-9-ல் ஒரு பையனின் மொத்த ஆயுளே நூற்றுச்சொச்சம் மாதம்தான், அதில் பதினொன்றரை மாதம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு கூடுதலாக ஓடியிருக்கிறான், விழுந்து எழுந்திருக்கிறான், சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகியிருக்கிறான். உயரத்திலும் 10 செ.மீ. கூடுதல்.

ரக்பியில் இது இன்னும் உறைக்கும். கிரிக்கெட்டில் சின்னப் பையன் நேரம் பார்த்துத் தட்டினால் பந்து எல்லைக்கு ஓடிவிடும். இங்கே எதிரே வருபவனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். ஐந்து கிலோ குறைந்தவன் சரியான டேக்கிள் போட்டும் இழுபட்டுப் போவான். கரையில் நிற்கும் எங்களுக்கு "டேக்கிள் பலவீனம்" என்றுதான் தெரியும்.

மார்ச் 5

10 செ.மீ. என்றது தப்பு. ஒன்பது, பத்து வயதில் ஆண் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள், அவ்வளவே. 9, 10 செ.மீ. என்பது வளர்ச்சி உச்சத்துக்கு வரும் வருடத்தில், சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டை ஒட்டியே வந்துவிடும். இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறேன். இந்தக் குழப்பம் சின்னதல்ல என்று தோன்றுகிறது, யோசித்து எழுதுகிறேன்.

மார்ச் 8

என் கதை. நான் ஜனவரி 6.

பத்து வயதில் கேப்டன், நம்பர் எயிட், அதாவது முன்கள வீரர்களில் கடைசியில் நிற்பவன். பந்து கையில் வந்தால் நேரே ஓடுவேன். எதிரே இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரையும் இடித்துக்கொண்டு ஓடுவேன். கூட்டம் கத்தும். கோச் முதுகில் தட்டுவார். பாஸ் கொடு என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும், நேரே போய் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் ட்ரை, புள்ளி. சைட்-ஸ்டெப், எதிரே வருபவனை ஏமாற்றிப் பக்கவாட்டில் விலகுவது, என்று ஒன்று உண்டு என்பதையே தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைக்கூட பயந்தவன் செய்கிற வேலை என்று நினைத்தேன்.

பதினாறில் எல்லோரும் என் உயரத்துக்கு வந்தார்கள். ஒரு ஆட்டம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வழக்கம்போல் நேரே போனேன், எதிரே நின்றவன் நகரவில்லை. அவ்வளவுதான். நான் மல்லாக்க விழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறையும் அதே, அதற்கடுத்த முறையும் அதே. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இடது கையால் ஐந்து மீட்டர் பாஸ் போட வராது. ஆறு வருடமாக ஆறு மாத மூப்பை வைத்துப் பிழைத்திருக்கிறேன், அதைத் திறமை என்று நானும் நம்பினேன், சுற்றி இருந்தவர்களும் நம்பினார்கள்.

பதினேழில் அணியில் இல்லை. "சோம்பேறி ஆகிவிட்டான்" என்றார் கோச். நான் சோம்பேறி ஆகவில்லை. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

ஆக, இது டிசம்பர்காரர்களுக்கு மட்டும் நடக்கும் அநியாயம் இல்லை.

மார்ச் 9

எட்டு வயதில் இருக்கும் சின்ன வித்தியாசம் பதினாறு வயதில் தானாகக் கரைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உடம்பில் கரையலாம். ஆனால் எட்டு வயதில் முதல் அணிக்கு எடுக்கப்பட்டவனுக்கு நல்ல கோச் கிடைக்கிறார், வாரத்தில் ஒரு பயிற்சி கூடுதல், வலுவான எதிரணி, ஆட்டத்தில் முழு நேரம். "இவன் நம்ம ஆள்" என்ற பேச்சு வேறு, அதைக் கேட்டே பாதிப் பேர் நன்றாக ஆடிவிடுவார்கள். இரண்டாம் அணிக்காரனுக்கு அரை மணி நேரம், அதுவும் மழை இல்லாவிட்டால். நான்கு வருடம் கழித்து இரண்டு பேரையும் ஒரே மைதானத்தில் விட்டு "யார் சிறந்தவன்" என்று கேட்பதில் பொருளே இல்லை. முளையிலே தெரிந்த பயிருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, பார்த்தாயா விளைந்துவிட்டது என்கிறோம்.

இங்கிலாந்து ரக்பி லீக்கில் (ரக்பியின் இன்னொரு வகை) கெவின் டில்லும் உடனிருந்தவர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இது படிப்படியாகவே தெரிகிறது. சாதாரணக் கிளப் ஆட்டத்தில் மூத்த மாதக்காரர்கள் பக்கம் சாய்வு கொஞ்சம். வட்டார அணி, தேசிய இளையோர் அணி என்று மேலே போகப் போகச் சாய்வு கூடுகிறது. ஒவ்வொரு படியிலும் எங்களைப் போல ஒரு குழு உட்கார்ந்து வடிகட்டுகிறது.

மார்ச் 12

"குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகள் இயல்பிலேயே பலசாலிகளாக இருக்கலாமே?" இன்னொருவர் ஒரு படி மேலே போய் மகர ராசிக்காரர்களுக்கு முரட்டுக் குணம் என்கிறார். செலக்டர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை என்று இவ்வளவு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராசி இல்லை என்பதற்குக் கால்பந்தில் தெளிவான சான்று உண்டு. சர்வதேச இளையோர் கால்பந்தில் வயது வெட்டு ஆகஸ்ட் 1 ஆக இருந்தது, 1997-ல் அதை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். பெல்ஜியத்தில் வெர்னர் ஹெல்சனும் மற்றவர்களும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இளையோர் அணிகளைப் பார்த்தார்கள். முன்னே ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் கொடிகட்டிப் பறந்தார்கள். வெட்டு நகர்ந்ததும் அந்த இடம் ஜனவரி, பிப்ரவரிக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் பிள்ளைகளின் கால் ஒரே வருடத்தில் மரத்துப்போகவில்லை. காகிதத்தில் ஒரு தேதி மாறியது.

மார்ச் 13

ரக்பியில் வேடிக்கை என்னவென்றால் வெட்டுத் தேதி நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் பள்ளி ஆண்டை ஒட்டி செப்டம்பர் 1. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மாதிரி இடங்களில் காலண்டர் ஆண்டு. உலக அண்டர்-20 போட்டியும் ஜனவரி 1 கணக்குதான்.

இப்போது இதைப் பாருங்கள். செஸ்லின் கோல்பி பிறந்தது 1993 அக்டோபர் 28. மாரோ இடோஜே 1994 அக்டோபர் 28. ஒரே தேதி. இங்கிலாந்தில் வளர்ந்த இடோஜே தன் வகுப்பில் மூத்தவர்களில் ஒருவர், ஆண்டு தொடங்கி இரண்டாவது மாதம். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த கோல்பி தன் பிரிவில் இளையவர்களில் ஒருவர், ஆண்டின் பத்தாவது மாதம். ஒருவர் இரண்டாம் வரிசையில், ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும் லைன்-அவுட்டில் கை நீட்டும் நெட்டை. இன்னொருவர் மூன்று பேர் மூலையில் மடக்கினாலும் நழுவி வெளியே வரும், ஓரத்தில் ஓடும் குள்ள விங்கர்.

அதைவிட, நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா. 1980 டிசம்பர் 31. காலண்டர் கணக்கில் அவனைவிட இளையவன் பிரிவில் இருக்கவே முடியாது. 148 டெஸ்ட், 2011-லும் 2015-லும் உலகக் கோப்பை வென்ற கேப்டன். பிரான்சின் அன்ட்வான் டூப்போன், நவம்பர் 15.

டிசம்பர் 19 பையனின் அப்பா இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 14

ஒட்ட வேண்டாம். நேற்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன்.

நாலு நட்சத்திரங்களின் பிறந்தநாளை அடுக்கி எதையும் நிறுவ முடியாது. ஓவன் ஃபாரல் செப்டம்பர் 24, இங்கிலாந்துக் கணக்கில் வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருவர். லாரன்ஸ் டலாலியோ ஆகஸ்ட் 10, அதே கணக்கில் கடைக்குட்டி. இருவருமே இங்கிலாந்துக்குக் கேப்டனாக இருந்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கு வேண்டுமோ அந்தக் கட்சிக்குப் பெயர் எடுத்துக்கொள்ளலாம். கோல்பி குள்ளம், இடோஜே நெட்டை என்று நான் எழுதியது இன்னும் மோசம். அதற்கும் மாதத்துக்கும் சம்பந்தமில்லை, அது அவரவர் அப்பா அம்மா கொடுத்தது. மெக்காவை "அவன்" என்று வேறு எழுதியிருக்கிறேன், நாற்பத்தைந்து வயது மனிதரை.

இன்னொன்று. எண்ணும்போது மாதத்துக்கு மாதம் பிறப்பு சமமாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் ஆண்டிலேயே அதிகம் குழந்தைகள் பிறப்பது செப்டம்பர் கடைசியில். வெட்டு செப்டம்பர் 1 என்பதால், எந்தச் சாய்வும் இல்லாவிட்டாலும் முதல் காலாண்டில் சிலர் கூடுதலாகத்தான் இருப்பார்கள். நாட்டின் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் சாய்வு நிற்கிறது, அதுவேறு.

மார்ச் 18

இந்தப் பக்கம் முழுக்க ஒப்பாரி மாதிரி இருப்பதால் மறுபக்கம். இங்கிலாந்து ப்ரீமியர்ஷிப் கிளப் ஒன்றின் அகாடமியை மெக்கார்த்தியும் காலின்ஸும் ஆராய்ந்தார்கள், 2014-ல் வந்தது. உள்ளே நுழையும்போது மூத்த மாதக்காரர்கள் அதிகம், எதிர்பார்த்தபடியே. ஆனால் அகாடமியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரனாக வெளியே வரும் விகிதம் பார்த்தால் இளைய மாதக்காரர்கள் முந்துகிறார்கள். நுழைவில் ஒரு சாய்வு, முடிவில் எதிர்ச் சாய்வு.

அவர்கள் சொல்லும் விளக்கம் கரடுமுரடான பாதை. சின்ன வயதிலிருந்து தன்னைவிடப் பெரியவனோடு மல்லுக்கட்டியவன் வேறு வழிகளைத் தேடிக்கொள்கிறான். எப்போது பாஸ் கொடுக்க வேண்டும், எந்தக் கோணத்தில் ஓடினால் அடி விழாது, எங்கே கால் வைத்தால் பெரியவன் தடுமாறுவான். அடிபட்டு எழுந்து வரும் பழக்கமும் சேர்கிறது. பிறகு உடம்பும் வளர்ந்துவிட்டால் அவனிடம் இரண்டும் இருக்கிறது. என்னிடம் ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் பதினாறு வயது வரை.

வாசித்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பரவாயில்லை, கடைசியில் சரியாகிவிடுகிறது.

மார்ச் 19

சரியாகவில்லை. அந்த நிம்மதிதான் ஆபத்து.

உள்ளே வந்த இளையவர்களில் அதிகம் பேர் ஜெயித்தார்கள் என்றால் என்ன பொருள்? அவர்களுக்குக் கதவு இன்னும் இறுக்கமாக இருந்தது, இரண்டு மடங்கு நன்றாக ஆடியவன்தான் நுழைந்தான். அப்படி வடிகட்டி எடுத்தால் ஜெயிக்கத்தான் செய்வான். கஷ்டம் அவனைச் செதுக்கியதா, இல்லை கஷ்டத்தைத் தாண்ட முடிந்தவன் மட்டும் கண்ணில் படுகிறானா? இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் "கஷ்டம் நல்லது, கடைசியில் உனக்கே லாபம்" என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொல்ல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அகாடமிக் கதவு வரைக்கும் வராமல் ஒன்பது வயதிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்தவன் எந்த ஆய்விலும் ஒரு வரியாகக்கூட இருக்கமாட்டான்.

மார்ச் 23

நாலு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நோட்டில் ஒரு பெயர். பிறந்த மாதம் நவம்பர். அப்போது அவனுக்குப் பதினொன்று. எதிரே என் கையெழுத்தில்: "மெலிவு. பார்வை நல்லது. பிறகு பார்க்கலாம்."

பார்வை நல்லது என்று எழுதியிருக்கிறேன் என்றால் ஏதோ பார்த்திருக்கிறேன். யோசித்து யோசித்து ஞாபகம் வந்தது. சின்னப் பையன் என்பதால் விங்கில் ஓரமாக நிறுத்தினோம், அடிபடாமல் இருக்கட்டும் என்று. இருபது நிமிட ட்ரையலில் பந்து அவன் கைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. நடுவில் இருந்த பெரிய பையன்கள், அன்றைய நான்கள், யாரும் பாஸ் கொடுக்கவில்லை. வந்த ஒரு தடவை அவன் ஓடவில்லை. எதிரணியின் பின்வரிசை முன்னேறி வருவதைப் பார்த்து, தலைக்கு மேலே ஒரு சின்ன உதை கொடுத்துப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் பந்தைப் போட்டான். ஆனால் யாரும் துரத்திப் போகவில்லை. பந்து உருண்டு வெளியே போனது. "ஏன்டா பந்தைத் தூக்கிக் கொடுத்துட்ட?" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார். அந்த ஒருவர் நான்தான் என்று முக்கால்வாசி நிச்சயம்.

அவன் மறுபடி வரவில்லை. "பிறகு பார்க்கலாம்" என்பதற்கு எங்களிடம் ஒரு தேதி கிடையாது, ஒரு பட்டியல் கிடையாது. யாரும் பிறகு பார்க்கவில்லை.

மார்ச் 23, பின்குறிப்பு

கேள்வி கேட்டவரே, மார்ச் 1 இரவு நான் எழுதியதற்கு இதுதான் பதில்.

மார்ச் 27

மார்ச் 5-ல் விட்ட குழப்பம். நான் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்று பிறந்த தேதி. அது ஏழு, எட்டு வயதிலிருந்தே வேலை செய்யும், பருவமடைவதற்கு வெகு முன்பே. இன்னொன்று உடல் முதிர்ச்சி. அது பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல்தான் தலைகாட்டும், வந்தால் முதலாவதை முழுங்கிவிடும். ஒரே நாளில் பிறந்த இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களின் எலும்பு வயதை, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்-ரேயில், பார்த்தால் ஒருவனுக்குப் பதினொன்று, இன்னொருவனுக்குப் பதினைந்து என்றுகூட வரும். மாதக் கணக்கு அதிகபட்சம் பன்னிரண்டு மாதம், முதிர்ச்சிக் கணக்கு வருடங்களில். ஜனவரியில் பிறந்து தாமதமாக வளர்பவனும் உண்டு, டிசம்பரில் பிறந்து பன்னிரண்டிலேயே மீசை அரும்புகிறவனும் உண்டு. இரண்டும் சேர்ந்து கெடுவது டிசம்பரில் பிறந்து தாமதமாக வளர்கிறவனுக்கு.

அதனால்தான் முதிர்ச்சியை வைத்துக் குழு பிரிக்கிறார்கள். பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் இதில் அதிகம் உழைத்தவர். இங்கிலாந்து ப்ரீமியர் லீக் கால்பந்து அகாடமிகளில் 2015 வாக்கில் முயன்று பார்த்தார்கள். வளர்ந்த பின் எட்டப்போகும் உயரத்தில் இப்போது எத்தனை சதவீதம் வந்திருக்கிறான் என்று கணக்கிட்டு, 85 முதல் 90 சதவீதம் வரை ஒரு குழு, 90 முதல் 95 வரை ஒரு குழு. சீக்கிரம் வளர்ந்தவன் தன்னைப் போன்ற உடம்போடு மோதும்போது இடித்துத் தள்ளி ஓடும் வித்தை பலிக்காது, பாஸ் போட்டே ஆக வேண்டும். பத்து வயதில் எனக்கு யாராவது இதைச் செய்திருந்தால்!

வருங்கால உயரத்தை ஊகிக்க 1994-ல் வந்த காமிஸ்-ரோஷ் முறை. பையனின் வயது, உயரம், எடை, கூடவே பெற்றோர் இருவரின் உயரம். எக்ஸ்-ரே வேண்டாம். ஒரே சிக்கல், அப்பாக்களிடம் உயரம் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்கள். அதைக் கழிப்பதற்கென்றே தனிச் சமன்பாடு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே.

ஏப்ரல் 2

மற்ற வைத்தியங்கள், சுருக்கமாக.

நியூசிலாந்தில் சிறுவர் ரக்பியில் வயதோடு எடையையும் சேர்த்துப் பிரிவு பிரிப்பது பழைய வழக்கம். அடிபடுவது குறையும், பயந்து ஓடுவது குறையும். ஆனால் எடைக்காகப் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு நிறுத்தப்பட்ட மெலிந்த பதின்மூன்று வயதுப் பையனின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் அடுத்த மைதானத்தில் ஆடுகிறார்கள். அவனுக்கு அடியைவிட அது வலித்தது.

பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் ஒன்பது மாதப் பிரிவுகள் என்று கனடாவில் 1991-ல் ஒரு யோசனை. வெட்டுத் தேதி வருடா வருடம் சுழன்றுகொண்டே வரும், எல்லோருக்கும் ஒருமுறை மூத்தவனாக இருக்கும் வாய்ப்பு. காகிதத்தில் அழகு. ஆட்ட அட்டவணை போடுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்தில் மான், வான் ஹின்னெகன் இருவரும் 2017-ல் வெளியிட்டது. திறமையான பிள்ளைகளைத் தேடும் கால்பந்து ஸ்கவுட்களுக்குச் சிறுவர் ஆட்டத்தைக் காட்டி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பிறந்த தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பயனில்லை, சாய்வு அப்படியே. என் நோட்டு மாதிரி! சட்டை எண்களையே வயது வரிசையில் கொடுத்து, எண் எதைக் காட்டுகிறது என்றும் சொன்னபோதுதான் சாய்வு போனது. தகவல் நோட்டில் இருந்தால் போதாது, ஓடுகிற முதுகில் இருக்க வேண்டும்.

ஆனால் ரக்பியில் சட்டை எண் என்பது ஆடும் இடம். 1 ப்ராப், 2 ஹூக்கர், 9 ஸ்க்ரம்-ஹாஃப், 15 ஃபுல்-பேக். வயது வரிசையில் எண் கொடுத்தால் ஒன்றாம் எண் சட்டையோடு விங்கில் ஒருவன் நிற்பான். நடுவருக்குத் தலை சுற்றும், எனக்கும்.

மணிக்கட்டில் நிற டேப் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

ஏப்ரல் 13

ஒட்டினோம். ஜனவரி முதல் மார்ச் சிவப்பு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், அக்டோபர் முதல் டிசம்பர் பச்சை. குழுவில் மூத்தவர், "என்னப்பா இது, ஸ்போர்ட்ஸ் டேயா?" என்றார். பதில் சொல்லவில்லை.

முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. நடுவில் எல்லாம் சிவப்பு, ஓரங்களில் பச்சை. நாங்கள்தான் நிறுத்தியிருந்தோம், யாரும் திட்டமிடவில்லை. ஆட்டத்தை நிறுத்தி இடம் மாற்றினேன். பச்சை ஒருவனை ஸ்க்ரம்-ஹாஃபில் போட்டதும் பந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் கைக்கு வந்தது, வந்தால்தானே பார்க்க முடியும். ரக்கிலிருந்து, அதாவது கீழே கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் முட்டி நிற்கும் குவியலிலிருந்து, பந்தை எடுத்து நிமிர்வதற்குள் எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தான். இடைவேளையில் அந்த மூத்தவரே வந்து, "அந்தப் பச்சைப் பையன் பேர் என்ன?" என்றார்.

முன்வரிசையில் மட்டும் இப்படி மாற்றிப்போடத் துணியவில்லை. ஸ்க்ரமில் இரு அணியும் தோள் கோத்து, தலை குனிந்து முட்டித் தள்ளும், கழுத்து விவகாரம். பத்தொன்பது வயதுக்குள் ஸ்க்ரமை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா? பலம் குறைந்தவனை நியாயம் என்ற பெயரில் முன்வரிசையில், ப்ராப் இடத்தில் நிறுத்தக் கூடாது.

ஏப்ரல் 14

ஒரு உறுத்தல். நேற்றுப் பச்சை டேப்களில் ஒருவன் என்னைவிட அரை அங்குலம்தான் குட்டை. குரல் உடைந்துவிட்டது. நவம்பரில் பிறந்தவன்தான், ஆனால் மைதானத்தில் அவன்தான் பெரியவன். நாலு பேரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடி ட்ரை வைத்தான். பச்சை டேப்பைப் பார்த்ததும் என் கை தானாக அவன் பெயருக்கு எதிரே நட்சத்திரம் போட்டது. "இளையவன், இருந்தும் இப்படி ஆடுகிறானே" என்று.

அவன் வேறு யாருமில்லை, பத்து வயது நான். டேப் நிறம் மட்டும் வேறு. அவனுக்கு நட்சத்திரம் போடுவதைவிட யாராவது இடது கைப் பாஸ் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது. சொல்லிக்கொடுக்கப் போகிறேன், நானும் கூடவே கற்றுக்கொள்ளலாம்.

அதே சமயம் சிவப்பில் ஒருவன், ஜனவரி, எலும்பும் தோலுமாக. அவனை யாரும் கவனிக்கவில்லை. டேப் இருந்ததால் இன்னும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 16

"அப்படியென்றால் என் பையனை என்ன செய்ய?"

எடை ஏற்ற வேண்டாம். பவுடர் டப்பா வாங்க வேண்டாம். வளர்ச்சி வரும் வருடத்தில் எட்டு, ஒன்பது கிலோ தானாக ஏறும், இப்போது திணித்து ஏற்றுவது அதற்குப் பக்கத்தில்கூட வராது. பந்து அதிகம் கைக்கு வரும் இடத்தில் ஆட விடும் அணி எது என்று பாருங்கள், இரண்டாம் அணியாக இருந்தாலும் சரி. முதல் அணியின் ஓரத்தில் இருபது நிமிடம் நிற்பதைவிட அது மேல். டேக்கிளில் தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொள்ளட்டும், பெரியவனோடு மோதும்போது காப்பாற்றுவது அது ஒன்றுதான். தேர்வுக் குழுவிடம் "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். "மறுபடி எப்போது பார்ப்பீர்கள், எந்தத் தேதி" என்று கேளுங்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

மெக்கா கதையை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். சரி, ஒருமுறை சொல்லுங்கள்.

ஏப்ரல் 21

குழுவில் பேசி முடிவானது: பெயர் வராதவர்களை நான்கு மாதம் கழித்து மறுபடி அழைப்பது, தேதியை அன்றே சொல்லிவிடுவது. ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. டேப் வேண்டாம் என்று மூத்தவர் சொன்னார், வேண்டும் என்று நான் சொன்னேன், பச்சைக்கும் சிவப்புக்கும் பதில் வேறு நிறங்கள் என்று எதற்கோ சமாதானம் ஆனோம். எதற்கு என்று இருவருக்கும் புரியவில்லை.

நோட்டில் இரண்டு கட்டம் கூடப் போட்டிருக்கிறேன். ஒன்று மறுபடி பார்க்கும் தேதி. இன்னொன்று உட்கார்ந்த உயரம், ஏனென்றால் கால் முதலில் வளரும், முதுகு பிறகு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து உச்சம் நெருங்கிவிட்டதா என்று ஓரளவு ஊகிக்கலாம். அளக்க ஆடாத ஸ்டூல் ஒன்று வேண்டும். கிளப்பில் இருப்பது மூன்றும் ஆடுகிறது.

"பிறகு பார்க்கலாம்" என்று நான் எழுதிய அந்த நவம்பர் பையனின் அப்பா எண் நோட்டிலேயே இருந்தது. இரண்டு முறை அடித்தேன். உபயோகத்தில் இல்லை.